மொட்டைமாடி வயரும் மகளின் ஷிப்டும்

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீடு லாட்ஜ் ஆகிவிடும். ‘ரூம் இல்லை’ என்று சொல்லும் வசதி லாட்ஜ்காரருக்கு உண்டு, எனக்குக் கிடையாது. ஆனி பிறந்தால் போதும், சென்னையிலும் கோவையிலும் இருக்கும் உறவுகளுக்கு எங்கள்மேல் பாசம் பொங்கும். பாசம் பொங்குகிற அளவும் அருவியில் தண்ணீர் விழுகிற அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பல வருடம் கவனித்துச் சொல்கிறேன்.

வருகிறவர்கள் குளிப்பார்கள். காலையில் ஐந்தருவி, மத்தியானம் பழைய அருவி, கூட்டம் குறைந்தால் சாயங்காலம் பேரருவி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று செட் ஈரத்துணி. சாரலில் எதுவும் காயாது. நேற்றைய துணி கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே இன்றைய துணி வந்து சேரும். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, ஸ்கூட்டர் கண்ணாடி என்று நீட்டிக்கொண்டிருக்கும் எதிலும் ஒரு துண்டு தொங்கும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் என்மேலும் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் நான் நடந்துகொண்டே இருப்பேன்.

இந்த வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்துதான் என் மகள் அந்த வருடம் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள்.

ஆய்வுக்கூடம் ஐரோப்பாவில் இருக்கிறது. பூமிக்கடியில் வளையமாகச் சுரங்கம் தோண்டி, அதற்குள் புரோட்டான்களை ஓடவிட்டு ஒன்றோடொன்று மோதவைத்துப் பார்க்கிறார்கள். எம்.எஸ்ஸி. முதல் வருடம் முடித்திருந்த மகளைக் கோடைகால மாணவியாக எடுத்திருந்தார்கள். தென்காசி முழுக்கச் சொல்லியாகிவிட்டது, ஸ்வெட்டரும் வாங்கியாகிவிட்டது. விசாதான் வரவில்லை. கடைசியில் அவர்களே இரங்கி, வீட்டிலிருந்தே செய் என்று எழுதினார்கள். ஸ்வெட்டரை என் மனைவி சாரலுக்குப் போட்டுக்கொண்டாள்.

அவள் வேலையை எனக்கு விளங்கின அளவுக்குச் சொல்கிறேன். தப்பு இருந்தால் இயற்பியலைக் குறை சொல்ல வேண்டாம். மோதலில் சிதறுவதைப் பிடிக்க அங்கே ஒரு பெரிய கருவி வைத்திருக்கிறார்கள். குறுக்கே வெட்டின வாழைத்தண்டு மாதிரி வட்டத்துக்குள் வட்டமாக அடுக்குகள். எல்லா அடுக்கும் உயிரோடு இருக்கிறதா என்று எட்டு மணி நேரம் ஒரு ஆள் திரையில் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் சீராக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஓட்டை விழுந்தால் அந்தப் பகுதி செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். உடனே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். இதற்குப் பெயர் ஷிப்ட். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே பத்தரை. பத்தரைக்கு உட்கார்ந்தால் மாலை ஆறரைக்குத்தான் எழுந்திருப்பாள்.

மொத்தம் ஆறு ஷிப்ட். ஆறையும் முடித்தால்தான் பயிற்சி முடித்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் அடுத்த வருடம் அங்கேயே ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க முடியும். விசா கைவிட்ட பிறகு அவளுக்கு மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். கூடவே ஒரு விதி. தூரத்திலிருந்து ஷிப்ட் பார்க்கும் மாணவர் பெயரில் இரண்டு இணைப்புக் கோளாறு பதிவாகிவிட்டால், மீதி ஷிப்டுகள் வேறொருவருக்குப் போய்விடும். கோபமில்லாமல், மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். மரியாதையாக எழுதினால் செய்தே விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கதை எழுதுகிற எனக்குப் பத்திரிகை ஆசிரியர்களிடமிருந்து அப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன.

இரண்டாவது ஷிப்டிலேயே ஒரு கோளாறு பதிவாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு நிமிடம் லைன் போய்த் தானாக வந்தது. இன்வெர்ட்டர் பழுது என்று எழுதினாள். நானும் ஆமாம், அந்த இன்வெர்ட்டர் கொஞ்ச நாளாகவே சரியில்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தான் குடும்பத்தோடு வந்து இறங்கினார். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவர் குரலுக்கு மட்டும் இன்னும் தெரியாது. முதல் குளியல் முடிந்து ஒரு வாளி ஈரத்துணியோடு மொட்டைமாடிக்கு வந்து நின்றார். கொடியில் இடமில்லை.

“என்ன மாப்ள, இத்தன பேர் வந்து போற வீட்ல ரெண்டு கொடி கூடுதலா கெட்டி வைக்கக் கூடாதா?”

தலைக்குமேல் பார்த்தேன். தெருக் கம்பத்திலிருந்து மகளின் அறைக்குள் போகும் கறுப்பு வயர், மொட்டைமாடியின் குறுக்கே நீளமாக, காலியாகக் கிடந்தது. இன்டர்நெட் வயர் என்று தெரியும். உள்ளே கண்ணாடி இழை இருக்கிறது, அதில் ஓடுவது வெளிச்சம் என்றும் படித்திருந்தேன். படித்ததுதான் வினை. வெளிச்சத்துக்குப் பாரம் என்ன செய்யும்? இதில் போடுங்கள் அத்தான் என்றேன். நாலு துணி விழுந்ததும் வயர் தொய்ந்து வேட்டி தரையைத் தொட்டது. உடனே ஒரு கயிறு எடுத்துவந்து, வயரைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு சேர்த்து இழுத்து விறைப்பாகக் கட்டினேன். நல்ல முடிச்சு. அத்தான் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஷிப்ட். மனைவியும் அக்காவும் தென்காசிக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அத்தான் உடம்பு முழுக்க எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, ஊறுவதற்காக முற்றத்தில் நின்றார். மணி பன்னிரண்டரை தாண்டியிருக்கும். மாடியிலிருந்து மகள், “யப்பா” என்றாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. அதனாலேயே இரண்டு இரண்டு படியாக ஏறினேன்.

மோடத்தில் சிவப்பு விளக்கு மினுங்கியது. இன்வெர்ட்டரா என்று கேட்டேன். தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இப்பதாம்ப்பா ஓட்டை விழுந்துச்சு. ரெண்டு நிமிசம் இருக்கும். மெசேஜ் பாதி அடிச்சுட்டேன், அனுப்பல.”

அது போகவில்லை என்றால், ஓட்டை விழுந்ததைப் பார்த்தும் சொல்லாமல் காணாமல் போன ஆள் என்று ஆகும். வயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போனேன்.

பதினோரு உருப்படி தொங்கிக்கொண்டிருந்தன. அத்தானின் இரண்டு வேட்டி, அக்காவின் சேலை, பெயர் சொல்ல வேண்டாத சில்லறைகள். குழாய்ப் பக்கம் என் முடிச்சுக்குள் வயர் கொண்டை ஊசி மாதிரி மடங்கிக் கிடந்தது. எல்லாத் துணியையும் அள்ளித் தரையில் போட்டேன். முடிச்சை நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்தேன். வயரை நீவிவிட்டுக் கீழே ஓடினேன். விளக்கு சிவப்பாகவே இருந்தது. திரும்ப மேலே போய் இன்னும் கொஞ்சம் நீவினேன், வாத நோயாளியின் காலை நீவுவதுபோல. பலனில்லை.

“வெளிய எங்கயோ கட் ஆயிருக்கு” என்றேன். சொல்லில் பொய் இல்லை. மொட்டைமாடி வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது.

போனிலிருந்து இன்டர்நெட் எடுத்துப் பார்த்தாள். சிக்னல் நாலு கட்டமும் நிறைந்திருந்தது, ஒரு எழுத்தும் நகரவில்லை. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலகரம் அப்படித்தான். அருவிக்கு வந்த அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் தான் குளிப்பதை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுக்கு நேராகப் பேசலாம் என்றால் அவள் சிம்மில் அந்த வசதி இல்லை. கேபிள்காரருக்கு அடித்தேன். பின்னணியில் இரைச்சலாகக் கேட்டது. மழையா என்றேன். குடும்பத்தோடு ஐந்தருவியில் நிற்கிறாராம், சாயங்காலம் வருகிறாராம்.

மிச்சமிருந்த ஒரே வழி தென்காசி. அங்கே என் நண்பர் ஒருவர் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. இருக்கேன், வாங்க என்றார். லேப்டாப்பை இட்லி அரிசி வந்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மடித்து, மகள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். லைன் போய்ப் பதினாறு நிமிடம் என்றாள்.

தெருமுனையிலேயே நின்றுவிட்டோம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வேன்கள் சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றன. நாங்கள் போக வேண்டிய திசையில் சாலையே இல்லை. ஹாரன் அடித்தேன். எல்லோரும் அடித்துக்கொண்டிருந்ததால் என்னுடையது எனக்கே கேட்கவில்லை. அரிசிப் பை சரசரத்தது மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு உருவம் எங்களைத் தாண்டிச் சாலைக்குள் இறங்கியது. அத்தான். இடுப்பில் அதே துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், சாரல் அதன்மேல் முத்து முத்தாக நின்றது. முதல் வேனின் முன்னால் போய் வலது கையைத் தூக்கினார்.

“ஏலே, ஓரங்கட்டுலே. ஆஸ்பத்திரி கேஸு வருது.”

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தான். சீருடை இல்லாத குறையை அந்தக் குரல் நிரப்பியது. வேன் ஓரமாக ஒதுங்கியது. அதற்குப் பின்னால் இருந்ததும் ஒதுங்கியது. அத்தான் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வழிவிட்டபடி, எங்களுக்கு முன்னால் அரை பர்லாங்கு நடந்தார். உடம்பு முழுக்க வழுக்கும் ஒருவரை யாரும் எதிர்க்க விரும்புவதில்லை.

நெரிசல் தாண்டியதும் வேகம் எடுத்தேன். கண்ணில் சாரல் ஊசியாகக் குத்தியது. மனதில் வேறு ஒன்று குத்திக்கொண்டிருந்தது. போன ஞாயிறு. அன்றைக்கும் விருந்தாளிகள் இருந்தார்கள், அன்றைக்கும் கொடியில் இடமில்லை. குளித்துவிட்டு வந்து, பிழியக்கூடச் சோம்பல்பட்டு, என் எட்டு முழ வேட்டியை அந்த வயரில்தான் போட்டேன். சற்று நேரத்தில் அவள் லைன் போச்சு என்றாள். வேட்டி தரையில் புரள்கிறதே என்று எடுத்தேன். லைன் வந்துவிட்டது என்றாள். அப்போது எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. வேட்டியைப் பிழியாத கையால் அந்தச் சந்தேகத்தைக் கெட்டியாகப் பிழிந்துபோட்டுவிட்டு, இன்வெர்ட்டரைக் குறை சொன்னேன். வாயில்லாத பொருள், மறுத்துப் பேசாது.

ஆகவே இரண்டும் நான்தான். இதைச் சொல்ல வேண்டுமா? பத்து வேகத்தடை வரை யோசித்தேன். மழை, காற்று, மரக்கிளை, குரங்கு என்று காரணங்கள் வரிசையாக வந்தன. குற்றாலத்துக் குரங்குமேல் எந்தப் பழியைப் போட்டாலும் உலகம் நம்பும். குரங்கையே முடிவு செய்து வைத்தேன்.

அண்ணாச்சி கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனர் அரை அரை அங்குலமாக வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல், சத்தம் வேண்டாமென்று மெஷினை நிறுத்தினார், மேஜையைத் துடைத்தார், பாஸ்வேர்டைச் சொன்னார். மகள் அரிசிப் பையைப் பிரித்தாள். இணைப்பு வந்தது. நாற்பத்தொரு நிமிடம்.

திரையில் அவளுடைய மேற்பார்வையாளர் தெரிந்தார். என் வயது இருக்கும் ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். மகள் ஓட்டையைப் பற்றி ஆரம்பித்தாள். தெரியும் என்றார் அவர். அவள் லைன் போன ஐந்தாவது நிமிடமே கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்களாம், சரி செய்தாகிவிட்டதாம். கருவிக்கு நஷ்டமில்லை. எனக்கு மூச்சு வந்தது. மகளுக்கு வரவில்லை. அவள் இல்லாமலும் நடக்கும் என்பது அவளுக்குச் சாதகமான செய்தி இல்லை.

அடுத்து, இது இரண்டாவது கோளாறு என்றார் அந்த அம்மாள். குரலில் கோபமே இல்லை. காரணம் என்ன, எழுத வேண்டும்.

மகள் என் பக்கம் திரும்பினாள். “வெளிய கட்டுன்னா எங்கனன்னு கேப்பாங்கப்பா. என்ன சொல்ல?”

குரங்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் கை விரல்கள் தட்டுவதற்குத் தயாராக விசைப்பலகைமேல் நின்றன. நான் எதைச் சொன்னாலும் அப்படியே அடிப்பாள், தன் பெயரைப் போட்டு. போன வாரம் இன்வெர்ட்டரை அடித்த மாதிரி.

“மாடில துணி காயப் போட்டிருந்துச்சு” என்றேன்.

“எதுல?”

“அந்த வயர்ல.”

“யாரு போட்டா?”

“மாமா. போடச் சொன்னது நான். தொய்யுதுன்னு கயிறு வச்சு இழுத்துக் கெட்டினதும் நான்தான்.”

அண்ணாச்சி நின்றுபோன மெஷினை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக் திறந்தே இருந்ததால், அப்பா என்ன சொல்கிறார் என்று திரையிலிருந்து கேட்டார்கள். மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை, கயிறு உட்பட. பிறகு அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“போன ஞாயித்துக்கெழமயும் துணி கெடந்துச்சாப்பா?”

இல்லை என்றால் அவள் எழுதியது உண்மையாகவே இருந்துவிடும். ஆமாம் என்றால், பதிவேட்டில் அவள் பெயரில் இருப்பது பொய் என்று ஆகும், அதுவும் மேலதிகாரி எதிரிலேயே. நல்ல பதில் எது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். தெரியவில்லை. அதனால் நடந்ததைச் சொன்னேன்.

“என் வேட்டி. பிழியாம போட்டேன். எடுத்ததும் லைன் வந்துருச்சு. இன்வெர்ட்டர்னு சொன்னது சும்மா.”

“தெரிஞ்சே சொன்னீங்களா?”

“பாதி தெரிஞ்சு.”

மகள் அதையும் சொன்னாள். இனி என்ன, முடிந்தது என்று நான் ஷட்டர் இடைவெளி வழியாகத் தெருவைப் பார்த்தேன். திரையிலிருந்து கேள்விகள் வந்தன. ஈர வேட்டி எத்தனை கிலோ இருக்கும்? போட்டு எத்தனை நிமிடத்தில் லைன் போனது? வயர் வளைந்ததா, மடிந்ததா? முடிச்சு எந்த இடத்தில்? என் வேட்டியை இவ்வளவு அக்கறையோடு என் கல்யாணத்தன்றுகூட யாரும் விசாரித்ததில்லை. நான் சொல்ல, மகள் மொழிபெயர்க்க, அவர் ஒரு தாளில் கோடு போட்டு எங்களுக்குக் காட்டினார். இப்படியா? இல்லை, இன்னும் கொஞ்சம் தொய்வு. இப்படியா? ஆமாம். கண்ணாடி இழை ஓரளவுக்குமேல் வளைந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் ஒழுகிவிடுமாம், மடிந்தால் இழையே முறிந்துவிடுமாம். வெளிச்சத்துக்கும் பாரம் உண்டு என்று ஐம்பது வயதுக்குமேல் தெரிந்துகொண்டேன்.

பிறகு அவர் பேனாவை வைத்துவிட்டு மகளிடம் நிதானமாகப் பேசினார். இரண்டு கோளாறு என்று விதியில் சொல்லியிருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகளை. ஒரே காரணத்தால் இரண்டு தடவை வந்தால் அது ஒரே கோளாறு. இன்வெர்ட்டர் ஒன்று, வயர் ஒன்று என்றால் மீதி ஷிப்டை வேறொருவருக்கு மாற்றியிருப்பேன். இப்போது காரணம் ஒன்று, அது என்னவென்றும் தெரியும். போன வாரப் பதிவைத் திருத்து, கீழே இன்றைக்குள்ளதை எழுது, மீதி நேரத்தைப் பார். அவ்வளவுதான். தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

மகள் எழுத ஆரம்பித்தாள். அந்தப் பதிவேட்டை அந்தக் கருவியில் வேலை செய்யும் அத்தனை நாட்டு ஆட்களும் படிப்பார்களாம். என்னுடைய எந்தப் புத்தகத்துக்கும் அத்தனை வாசகர்கள் வாய்த்ததில்லை என்பதால், ‘வீட்டு உபயோகப் பாரம்’ என்கிற மாதிரி கொஞ்சம் கௌரவமாகப் போடலாமே என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

“அப்பா, நீங்க வெளிய இருங்க.”

வெளியே இருந்தேன். எதிரே மிட்டாய்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அத்தானுக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். பிள்ளையின் வேலை தப்பித்ததா என்று மட்டும் கேட்டார். தப்பித்தது என்றேன். அப்ப நான் குளிக்கப் போறேன் மாப்ள, எண்ணெய் காயுது என்று வைத்துவிட்டார். நாலு மணிக்கு ஒரு தடவை ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மகள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்தில் அண்ணாச்சி வைத்த டீ, ஏடு கட்டிப்போயிருந்தது. பேனர் பாதியில் நின்றிருந்தது. பேனரில் இருந்த பெண்ணின் விழா மறுநாள் என்பதால் அவர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர, மெஷினைத் தொடவில்லை.

ஆறரைக்கு அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தாள். வெளியே வந்து அரிசிப் பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டே, மிச்ச மூணு ஷிப்டும் இங்கேயேதான் பார்க்கப் போகிறேன், அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன் என்றாள். கேபிள்காரர் நாளைக்கே சரி செய்துவிடுவார், நான் அந்த வயர் பக்கமே போக மாட்டேன் என்றேன்.

“வயர் சரியாயிரும்ப்பா” என்றாள். எது சரியாகாது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் கொண்டுபோய் விட்டேன். அண்ணாச்சி அவளுக்கென்று கைவைத்த நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிப் போட்டிருந்தார். அவள் குனிந்து ஷட்டருக்குள் போனாள். சாயங்காலம் ஆறரை வரை நான் எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.